மலிவான தெளிகருவியும் பழைய மோட்டார் வண்டியும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் ஓடித்திரியும் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைக் கண்டு வியக்காத வெளியூரார் இலர். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனரும், 1950களில் வந்த ஒஸ்ரின் சோமசெற், கேம்பிறிச் முதலியனவும் பிறந்த நாட்டிலே காட்சிப் பொருள்களாகிவிட்டன. இங்கோ அவை மணமக்களை ஏற்றிச் செல்கின்றன. சந்தைக்கு வெங்காய மூட்டையும் சுமக்கின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் அருமையானபோது, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்ட வண்டிகள் இவையே. அக்காலத்தில் இயந்திரத்தைக் காப்பாற்றியவர்கள் பலர். உடற்றகட்டைக் காப்பாற்ற ஒருவருக்கும் வழி இருக்கவில்லை. உப்புக் காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியின் மதிப்பு எங்கே ஏறியது என்பதை யாவரும் அறிவர். ஆதலால், தந்தை விட்டுச்சென்ற காரை விற்காது வைத்திருக்கும் குடும்பங்கள் அதற்குப் புது வர்ணம் பூச விரும்புவது இயல்பே. கராச்சிலே கூலி கேட்டுத் திரும்பி வருவோர் அடுத்து நோக்குவது இரும்புக்கடைகளில் தொங்கும் மலிவான தெளிகருவியை, அதாவது யாவரும் ‘ஸ்பிறே கன்’ என வழங்கும் அந்தச் சிறு கருவியை. பேர்பெற்ற டெவில்பிஸ், சாட்டா, ஐவாட்டா முதலிய கருவிகளின் விலையில் மிகச் சிறு பகுதிக்கு அது கிடைக்கிறது. அதனை வாங்கி வீட்டிலேயே பூசலாமா என்று பெற்றோரும் மாணவரும் நம்மிடம் வினவுவதுண்டு. பூசலாம். ஆனால் எந்த வர்ணத்தை, எவ்விடத்தில், எந்தப் பாதுகாப்புடன் என்பவற்றை அறிந்த பின்னரே பூசலாம்.

முதலிற் கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ரொலிடோ நகரிலே அலன் டெவில்பிஸ் என்னும் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளரின் தொண்டைக்கு மருந்து தெளிப்பதற்கென ஒரு சிறு கருவி செய்தார். அவருடைய மகன் தோமஸ் அதே தத்துவத்தைக் கொண்டு 1907ஆம் ஆண்டளவில் வர்ணம் தெளிக்கும் கருவியை ஆக்கினார். மருத்துவச் சாலையிற் பிறந்த பொருள் மோட்டார்ச் சாலைக்கு வந்த கதை இது. அதுவரை வண்டிகளுக்குத் தூரிகையால் அடுக்கடுக்காக வார்னிஷ் பூசி, ஒவ்வோர் அடுக்கும் உலரும்வரை காத்திருந்தனர். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும். 1920களில் டியுப்பொன்ற் நிறுவனம் ‘டியூக்கோ’ என்னும் நைற்றோசெல்லுலோசு வர்ணத்தைக் கொணர்ந்தது. விரைந்து உலரும் அவ்வர்ணத்தைத் தூரிகையால் இழுப்பது அரிது. தெளிகருவி அதற்கு ஏற்ற துணையாயிற்று. 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்கள் அதன் நீலநிறத்தில் வெளிவந்தன. நம்மூர்க் கராச்சுகளிலே முதியவர்கள் இன்றும் ‘டியூக்கோ அடித்தல்’ என்று சொல்வதன் காரணம் இதுவே.

கருவியின் உள்ளே நிகழ்வதைப் பௌதிகம் படிக்கும் மாணவர் எளிதில் உணர்வர். நெருக்கப்பட்ட வளி, மூக்கின் நுனியைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வளையத்தினூடு மிகுவிரைவுடன் பாய்கிறது. விரைவு மிகுந்த இடத்தில் அமுக்கம் குறையும் என்பது 1738இல் வெளிவந்த பேணூலியின் நூல் கூறிய விதி. அங்கே அமுக்கம் குறைய, கிண்ணத்திலுள்ள வர்ணத்தை வளிமண்டல அமுக்கம் மேலே தள்ளிவிடுகிறது. வெளிவரும் வர்ணத்தைப் பாயும் வளி துகள்துகளாகச் சிதைக்கிறது. வளிமூடியின் இரு கொம்புகளிலிருந்து வரும் வளித்தாரைகள் அத்துகட் கூட்டத்தை இருபுறமும் நெருக்கி விசிறி போல ஆக்குகின்றன. கிண்ணத்தின் மூடியில் ஒரு நுண்துளை உண்டு. அது வர்ணத்தால் அடைபட்டால் வளி உட்புகாது. கருவி திக்கித் திக்கி நின்றுவிடும். கருவி கெட்டுவிட்டதென எறிந்தவர்கள் பலர் ஓர் ஊசியால் அத்துளையைக் குத்திப் பார்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

கிண்ணம் கீழே இருப்பது பழைய வகை. மேலே இருப்பது புதிய வகை. அதில் வர்ணம் தன் எடையாலேயே இறங்குமாதலால் குறைந்த அமுக்கம் போதும், கடைசித் துளியும் வீணாகாது. வீட்டு வேலைக்கு நாம் பின்னையதையே விரும்புகிறோம். மூக்குத் துளை 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றராயின் மேல் வர்ணத்துக்கும், 1.8 அளவினதாயின் தடித்த அடிப்பூச்சுக்கும் ஏற்கும். மலிவுக் கருவிகள் இரண்டு வாங்கி, ஒன்றை அடிப்பூச்சுக்கென ஒதுக்கிவிடலாம். நல்ல கருவி ஒன்றின் விலையோடு ஒப்பிடின் அப்போதும் இலாபமே.

‘எச்.வி.எல்.பி.’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். மிகுதியான வளி, குறைந்த அமுக்கம் என்பது அதன் பொருள். வளிமூடியிற் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்கு மேற்படாத அமுக்கத்தில் இவ்வகை தெளிக்கும். பழைய கருவியில் வர்ணத்தின் பெரும்பகுதி தகட்டிற் படாது காற்றோடு போயிற்று. கலிபோர்னியாவின் தென்பகுதியில் 1980களின் இறுதியில் வளித் தூய்மைக்கென விதிகள் இறுகியபோது, வர்ணத்திற் குறைந்தது நூற்றுக்கு 65 பங்கு தகட்டிற் சேர வேண்டுமென்ற நிலை வந்தது. இக்கருவிகள் பரவியதும் அதனாலேயே. நமக்கும் அது நன்மை, வர்ணத்தின் விலை கருவியின் விலையை விட மிகுந்ததாயிற்றே!

ஆனால் இங்கேதான் வாங்குவோர் ஏமாறுகின்றனர். மிகுதியான வளி வேண்டும் என்ற சொல்லை அவர்கள் கவனிப்பதில்லை. இவ்வகைக் கருவி நிமிடத்துக்கு 8 முதல் 12 கன அடி வரை வளி கேட்கும். வீட்டிலுள்ள ஒரு பரிவலுக் கொம்பிறசர் தருவதோ மூன்று நான்கு கன அடி மட்டுமே. அதன் பெட்டியிற் காணும் பெரிய எண், ஆடுதண்டு விழுங்கும் வளியைக் குறிப்பது. வெளியே வருவது அதனிலும் குறைவு. வண்டியின் கூரையைப் பாதி தெளிக்குமுன் தாங்கியில் அமுக்கம் வீழ்ந்துவிடும். வீழ்ந்ததும் துகள்கள் பருத்துத் தோடம்பழத் தோல் போன்ற மேற்பரப்பு உண்டாகும். பழி கருவியின் மேல் விழும். சிறு கொம்பிறசர் வைத்திருப்பவர் 0.8 அல்லது 1.0 மில்லிமீற்றர் மூக்குள்ள சிறு கருவியை வாங்கி, ஒரு நாளைக்கு ஒரு கதவு, ஒரு மட்காட் எனப் பகுதி பகுதியாக முடிப்பதே அறிவுடைமை. முழு வண்டியையும் ஒரே நாளில் முடிக்க விரும்புவோர் பெரிய கொம்பிறசரை வாடகைக்கு எடுத்தல் வேண்டும்.

வளியோடு வரும் நீரைப் பற்றியும் கூறவேண்டும். நம்மூர் வளி ஈரம் மிகுந்தது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதனுள்ள நாளில் அதில் 24 கிராம் இருக்கும். அதனைச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் வரை நெருக்கினால் கன அளவு எட்டிலொரு பங்களவாகிறது. ஆறிய பின் அச்சிறிய இடம் தாங்கக்கூடியது நான்கு கிராம் மட்டுமே. எஞ்சிய 20 கிராம் நீராகிறது. நிமிடத்துக்கு 8 கன அடி செலவாயின், ஐந்து நிமிடத்துக்குள் நான்கு தேக்கரண்டி நீர்! இது தாங்கியிலும் குழாயிலும் சேர்ந்து, ஒரு கணத்தில் துளியாக வந்து புதிய வர்ணத்திற் குத்தும். தாங்கியின் அடித்திருகை அடிக்கடி திறந்து நீரை வெளியேற்றுக. குழாய் நீளமாக இருக்கட்டும். வளி செல்லும் வழியிலே ஆறும். நீர்ப்பொறியைக் கொம்பிறசரின் அருகே மாட்டாது, வளி ஆறிய குழாயின் மறுமுனைப் பக்கம் மாட்டுக. தெளிகருவிக்குச் செலவிடாது மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுதல் தகும்.

கடையிலே கருவியைத் தெரிவு செய்கையில் மூக்கையும் ஊசியையும் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஊசியைக் கண்ணாடி மீது உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். துளை வட்டமாகவும், வளிமூடியின் நடுவே சரியாகவும் இருத்தல் வேண்டும். மலிவுக் கருவிகளில் ஒன்று நன்றாகவும் அடுத்தது கோணலாகவும் இருப்பது வழக்கம். விலை குறைவதன் இரகசியம் பெரும்பாலும் இப்பரிசோதனையைத் தொழிற்சாலை நமக்கு விட்டுவிடுவதுதான். வீட்டுக்குக் கொணர்ந்ததும் முழுவதையும் கழற்றித் தின்னரில் கழுவுக. உள்ளே தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அது வர்ணத்தோடு கலந்தால் தகட்டில் வட்ட வட்டக் குழிகள் தோன்றும். கராச்சுக்காரர் இவற்றை ‘மீன்கண்’ என்பர். தலையில் எண்ணெய் தடவிய கையால் தகட்டைத் தொட்டாலும் அதே கதிதான். சிலிக்கன் கலந்த பொலிஷ் பூசப்பட்ட வண்டியாயின் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பின்னர் பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஆறு முதல் எட்டு அங்குல தூரத்தில் ஒரு கணம் விசையை அழுத்திப் பாருங்கள். நீள்வட்டம் ஒழுங்காக இருப்பின் நன்று. நடுவிற் கனத்து ஓரம் மெலிந்தால் வர்ணம் தடித்துள்ளது, அல்லது வளி போதவில்லை. இரு முனையிலும் கனத்து நடுவில் இடை சிறுத்தால் வளி மிகுதி. ஒருபக்கம் வளைந்து பிறை போலத் தோன்றினால் வளிமூடியை அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் தெளிக்க. பிறையும் திரும்பினால் குற்றம் மூடியில். திரும்பாவிடின் குற்றம் மூக்கில். இவ்வளவு எளிய சோதனையாலே நோயின் இடத்தைக் கண்டுகொள்ளலாம். கருவி துப்பித் துப்பித் தெளிக்குமாயின் மூக்கு இறுகியிருக்கவில்லை, அல்லது ஊசியைச் சுற்றியுள்ள அடைப்பு வறண்டிருக்கிறது. ஒரு சாவியாலும் ஒரு சொட்டு எண்ணெயாலும் தீரும் குறை அது. அந்த எண்ணெய் வர்ணத்திற் படாதவாறு துடைத்துவிடுக.

கையின் பழக்கம் பணத்தால் வாராது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கருவி வில்போல் வளைந்து, நடுவில் வர்ணம் ஒழுகும், ஓரத்தில் உலர்தூளாக விழும். தோளிலிருந்து கை முழுவதும் தகட்டுக்கு நேராகச் செல்லல் வேண்டும். தகட்டின் ஓரத்துக்கு முன்னரே அசைவைத் தொடங்கி, ஓரத்தில் விசையை அழுத்தி, மறு ஓரம் கடந்ததும் விடுக. ஒவ்வோர் இழுப்பும் முந்தியதன் பாதியை மூடட்டும். பழைய குளிர்ப்பெட்டிக் கதவொன்று கிடைத்தால் அதிலே சில மாலைகள் பழகலாம். செங்குத்தாக நிறுத்திய கதவிலே வர்ணம் ஒழுகாமற் பூசக் கற்றவர், கூரையையும் பொனற்றையும் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

வர்ணத்தைத் தேர்வதற்குமுன், வண்டியிலுள்ள பழைய பூச்சு யாதென அறிக. மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியைத் தேய்த்துப் பாருங்கள். வர்ணம் கரைந்து துணியில் ஒட்டினால் அது நைற்றோசெல்லுலோசு. சுருங்கி எழும்பினால் எனாமல். அதன்மேல் கடுந்தின்னர் கலந்த வர்ணத்தை நேரே பூசினால் வண்டி முழுவதும் முதலைத் தோலாகிவிடும். ஒன்றும் நிகழாவிடின் வன்மையான சூளைப் பூச்சு, அல்லது இருபொருள் வர்ணம். பழைய வர்ணங்களிலே ஈயச் சேர்வைகள் இருந்தன என்பதையும் மறவாதீர். உலர்வாக உராய்ந்தால் அத்தூள் வீடெங்கும் பரவும். ‘வோட்டர் பேப்பர்’ எனும் நீர் அரத்தாளால் நனைத்தே உராய்க. ஈயத்தின் தீங்கு குழந்தைகளின் மூளைக்கே முதலில் சேர்வதால், தவழும் பிள்ளையுள்ள முற்றத்தில் இவ்வேலை வேண்டாம்.

இனி, நாம் அழுத்தமாகக் கூற விரும்புவதற்கு வருவோம். இன்று கராச்சுகளில் பெரிதும் வழங்குவது ‘ரூ கே’ எனப்படும் இருபொருள் வர்ணம். வர்ணம் ஒரு தகரத்தில், இறுக்கி வேறொரு தகரத்தில் வரும். பளபளப்பும் உறுதியும் அதற்கு ஈடில்லை. அந்த இறுக்கியில் இருப்பது ஐசோசயனேற்று என்னும் பொருள். தெளிக்கையில் அதன் நுண்துகள் நுரையீரலை அடைந்து, சிலருக்கு மாறாத ஒவ்வாமையை உண்டாக்கும்; பின்னர் மிகச் சிறு அளவு பட்டாலும் இழுப்பு வரும். பிரித்தானியாவில் தொழிலால் வரும் ஆஸ்துமாவின் பெருங்காரணங்களில் இது ஒன்று. அதன் மணம் நம் மூக்குக்குத் தெரியுமுன்னரே பாதுகாப்பு எல்லை கடந்துவிடும். தூய வளியைத் தனிக் குழாயால் முகமூடிக்கு அனுப்பும் ஏற்பாடும், வளியை உறிஞ்சி வெளியேற்றும் அறையும் இன்றி இதனைத் தெளித்தல் ஆகாது.

நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வீட்டின் பின்புறக் கொட்டிலில் நண்பர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு இவ்வர்ணத்தையே பூசி வந்தார். கைக்குட்டை ஒன்றை மூக்கிற் கட்டிக்கொள்வார். எச்சரித்தபோது, “சேர், தின்னர் மாதிரி நெடில் ஒண்டும் இல்லை, இதுக்கென்ன பயம்?” என்றார். இரண்டாம் ஆண்டில் இருமல் தொடங்கிற்று. இன்று கராச் வாசலைக் கடந்தாலே அவருக்கு மூச்சு முட்டுகிறது. கையிற் பழகிய தொழிலை விட்டுக் கடையொன்றிலே கணக்கெழுதுகிறார். அவருடைய கைப்பழக்கத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் பூசிய தாங்கிகள் இன்னும் மின்னுகின்றன.

ஆகவே வீட்டில் பூசுவோர் இறுக்கி வேண்டாத, ஒரே தகரத்தில் வரும் வர்ணத்தோடு நிற்றல் வேண்டும். நைற்றோசெல்லுலோசு, எனாமல் ஆகிய இரண்டும் கிடைக்கின்றன. 1950களின் வண்டிக்கு அவையே பொருத்தமான தோற்றத்தையும் தரும். அவற்றுக்கும் முகமூடி வேண்டும். 2020இன் தொற்றுக் காலத்தில் வாங்கிய துணிமூடி வீட்டிலிருக்கிறதே என எண்ணாதீர். அது ஆவியைத் தடுக்காது. கரி நிறைத்த வடிகட்டிகள் பொருத்திய மூடியே வேண்டும். தின்னரின் ஆவி வளியினும் பாரமானது. தரையோடு ஊர்ந்து சென்று அடுப்பையோ, கொம்பிறசர் ஆளியின் பொறியையோ தேடிப் பற்றும். கொம்பிறசரைக் காற்று வரும் பக்கத்தில் தொலைவில் வையுங்கள். வர்ணம் பூசும் நாளில் பின்கட்டு அடுப்பை மூட்டாதிருப்பது பற்றி இல்லத்தரசியிடம் முதல்நாளே பேசிவிடுதல் நலம்.

காலமும் பார்த்தல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று மணலை அள்ளி வீசும். மாசி, பங்குனி மாதங்களில் பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் உள்ள காலை நேரமே சிறந்தது. ஈரம் மிகுந்த வேளையில் நைற்றோசெல்லுலோசு தெளித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகித் தகட்டைக் குளிர்விக்க, வளியின் நீராவி அதன்மேல் ஒடுங்கி வெண்படலம் படியும். உலர்வைத் தாமதப்படுத்தும் தின்னர் சிறிது சேர்த்தால் இது தணியும். மாமரத்தின் கீழ் வண்டியை நிறுத்தாதீர். பூக்கும் பருவமல்லவா? மரத்திலிருந்து பிசினும் பூச்சியும் விழுந்துகொண்டே இருக்கும். முற்றத்து மணலுக்கு முன்னரே நீர் தெளித்துவிடுங்கள். அயலார் வேட்டி காயப்போட்டிருக்கின்றனரா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

நிறத்தை மாற்றுவோர் ஒன்றை நினைவில் வைக்க: பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் எழுதப்பட்டிருக்கும், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். வர்ணம் முழுவதையும் ஒரே கலவையாக வாங்கிவிடுங்கள். இரண்டாம் முறை கலக்கும் நீலம் முதல் நீலமாக இராது.

நைற்றோசெல்லுலோசை மெல்லிய அடுக்குகளாக, அடுக்குக்கு அடுக்கு பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு ஐந்தாறு முறை பூசுக. பின் ஒரு வாரமாவது வண்டியைத் தொடாது விடுக. அதன்பின் 1000, 1500, 2000 என நுண்மை கூடும் நீர் அரத்தாள்களால் உராய்ந்து, ‘கட்டிங்’ பசையால் துலக்கினால், மலிவுக் கருவியின் தோடம்பழத் தோலும் மறைந்து கண்ணாடி போலாகும். விலைமிகுந்த கருவிக்கும் மலிவுக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதியை இங்கே உழைப்பால் ஈடுசெய்யலாம். மூலைகளிலும் விளிம்புகளிலும் மட்டும் அழுத்தாதீர், அடிப்பூச்சு வெளித்தெரிந்துவிடும்.

வேலை முடிந்த அக்கணமே கருவியைக் கழுவுதல் வேண்டும். முழுவதையும் தின்னரில் இரவு முழுதும் ஊறவிட்டால் உள்ளிருக்கும் அடைப்புகள் பொருமிக் கெடும். மூக்கையும் மூடியையும் மட்டும் கழற்றித் தூரிகையால் கழுவுக. துளையைக் கம்பியாற் குத்தாது, ஈர்க்கினால் துலக்குக. கழுவிய தின்னரை முற்றத்திலோ கான் வழியிலோ ஊற்றிவிடும் வழக்கம் இங்கே மிகுதி. யாழ்ப்பாணத்தின் குடிநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்குவது. மேலே ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய்க் கழிவு கலந்தது குறித்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றம் வரை சென்று தீர்க்கப்பட்டதை வாசகர் மறந்திரார். கழுவிய தின்னரை மூடியுள்ள தகரத்தில் ஊற்றி, வெயில் படாத இடத்தில் சில நாள் வையுங்கள். வர்ணம் அடியில் உறைந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து, அடுத்த முறை கருவி கழுவ வைத்துக்கொள்ளலாம்.